நின்ற வண்டியை இடித்துவிட்டுப் போகிறவர்கள்

ஓடுகிற வண்டிகள் இரண்டு மோதிக்கொண்டால் தெருவே கூடிவிடும். யார் மேல் தப்பு என்று பத்துப் பேர் பஞ்சாயத்து பேசுவார்கள். ஓரமாக நிற்கும் வண்டியை இடித்தால் அந்தப் பேச்சுக்கு வேலையே இல்லை. தப்பு யாருடையது என்பது தெளிவு, ஆனால் கேட்க ஆள் இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது 'டொக்' என்று கேட்டதும் கண்ணாடியில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முதல் கியரைப் போடுகிறவர்களுக்குத் தைரியம் தருவது இதுதான்.

*

மோட்டார் வாகனச் சட்டம், 1988. பிரிவு 134 அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதைப் பற்றியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிறருடைய சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலும் அது பொருந்தும். போலீஸ்காரர் பக்கத்தில் இல்லையென்றால், முடிந்த அளவு சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

இதைச் செய்யாதவருக்குப் பிரிவு 187. முன்பு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஓராண்டு வரை, 10,000 ரூபாய் வரை.

மெதுவாக ரிவர்ஸ் எடுக்கையில் ஒரு பம்பரை உரசிவிடுவது பெரும்பாலும் பணத்தோடு முடிகிற விஷயம். அதைச் சொல்லாமல் போவதுதான் சிறைத் தண்டனை வரை எழுதப்பட்ட குற்றம். இந்த வித்தியாசத்தை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் யாரும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. எட்டு போடச் சொல்லித்தருகிறார்கள்.

*

டிங்கரிங் பட்டறையில் பார்த்தது. வெள்ளைக் காரின் பின் கதவில் ஒரு கோடு. கைப்பிடிக்குக் கீழே முடி கனத்தில் ஆரம்பித்து, சக்கர வளைவை நெருங்க நெருங்க நான்கு விரல் அகலமாகிவிட்டது. கோட்டுக்குள் அங்கங்கே கருநீலம். பட்டறைக்காரர் துணியில் காம்பவுண்ட் தொட்டு ஓர் ஓரத்தில் மட்டும் தேய்த்தார். நீலம் துணியோடு வந்துவிட்டது. அடியில் வெள்ளை அப்படியே இருந்தது. "இந்த இடத்துல நம்ம பெயிண்ட் போகல சார், அவங்க பெயிண்ட்தான் ஒட்டியிருக்கு." அடுத்த இடத்தில் தேய்த்தார். அங்கே தகரமே தெரிந்தது. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, கதவு முழுக்கப் பெயிண்ட் அடித்தால்தான் நிறம் சேரும் என்றார்.

உரசிய வண்டியின் நிறம், உரசலின் உயரம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் இழுத்தது என்று எல்லாம் அந்தக் கதவிலேயே இருக்கிறது. துடைப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே விழுந்துகிடக்கும் விளக்குக் கண்ணாடிச் சில்லையும் எடுத்து வைக்க வேண்டும்.

*

"ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கும்ல, கிளெய்ம் பண்ணிக்குவாங்க" என்று போகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

உடைந்த பம்பரின் விலை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் 50 சதவீதம். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுக்காதவருக்கு 4,000 போய்விட்டது. 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. கையில் வருவது 3,000. இதற்காகக் கிளெய்ம் போட்டால், ஐந்து ஆண்டுகள் கிளெய்மே இல்லாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகிவிடும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 என்றால் 5,000 கட்டிவந்தவர் இனி முழுதாகக் கட்ட வேண்டும். மறுபடி 20, 25, 35, 45 என்று படியேற வேண்டும். போனஸுக்கும் தனியாகப் பாதுகாப்பு வாங்கி வைத்தவர் எத்தனை பேர்?

விவரம் தெரிந்தவர் கிளெய்ம் போடமாட்டார். கைக்காசைக் கொடுத்துவிட்டு வருவார்.

இடித்தவரின் நிலைமையைப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி பாலிசி இல்லாமல் அவர் வண்டி தெருவுக்கே வரக்கூடாது. தனியார் கார் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்குப் பொதுவாக ஏழரை லட்சம் ரூபாய் வரை இடம் உண்டு. அந்த வழியில் பணம் போனால் அவருடைய நோ கிளெய்ம் போனஸ் குறைவதும் இல்லை. தப்பே செய்யாதவருக்குப் போனஸ் போகிறது. தப்புச் செய்தவர் ஒளிந்துகொள்ளாமல் நின்றிருந்தால் அவருக்கு அதுகூடப் போயிருக்காது. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

தேர்ட் பார்ட்டி பணத்துக்குப் போலீஸ் புகார், தீர்ப்பாயம் என்று அலைய வேண்டும் என்பது உண்மை. சின்னச் சேதங்களைப் பேசித் தீர்த்துக்கொள்வது அதனால்தான். பேசித் தீர்க்கவும் எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

*

இடித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் அரசு உதவுமா? இடித்துவிட்டு ஓடுபவரால் உயிர் போனால் அரசு நிவாரணம் இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. 2022 ஏப்ரல் முதல் நடைமுறை. வண்டிச் சேதத்துக்கு அந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை.

*

வெளிநாடுகளில். ஜெர்மனியில் வைப்பரில் சீட்டு செருகிவிட்டுப் போனால் போதாது. நியாயமான நேரம் காத்திருக்க வேண்டும், பிறகு தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும். மீறினால் குற்றவியல் சட்டம் 142ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம். கலிஃபோர்னியாவில் சீட்டு செல்லும்; ஆனால் பெயர், முகவரி, நடந்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும், போலீஸுக்கும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் நம்மைப் போலவே 24 மணி நேரம். தவறினால் உரிமத்தில் 5 முதல் 10 புள்ளி ஏறும். 12 ஆனால் பொதுவாக உரிமமே போய்விடும். நம் சட்டமும் இதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது. அது இருப்பது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

*

சாய்ந்து கிடக்கும் ஸ்கூட்டரைக் கண்டால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிரேக் லீவர் முறிந்து, கண்ணாடி நொறுங்கி, பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருக்கும். அது சாப்பாடு டெலிவரி செய்கிற பையனுடையதாக இருந்தால் ரிப்பேர் செலவோடு அன்றைய வருமானமும் போகும். நிற்கும் ஆட்டோவின் முன்கண்ணாடியும் அப்படித்தான்.

*

வண்டி சேதமாகி நிற்பவருக்கு. முதலில் அக்கம்பக்கத்துக் கடை, வீட்டு சி.சி.டி.வி.யைக் கேளுங்கள், பழைய பதிவு தானாக அழிந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள். பிறகு காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வண்டி எண் கிடைத்துவிட்டால், அன்று யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்கும்போது உரிமையாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பிரிவு 133.

*

ஓடுகிறவர்களில் சிலர் மறைப்பது வேறொன்று. குடித்திருப்பார், லைசென்ஸ் இருக்காது, ஸ்டியரிங்கில் பதினாறு வயது மகன் இருப்பான். அவர்களுக்காகப் பரிந்து பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆக்டிங் டிரைவர் வேறு. ஒருநாள் கூலிக்கு வந்தவர். இடித்தேன் என்று சொன்னால் கூலி போகும், இனி கூப்பிடமாட்டார்கள், மாதச் சம்பளக்கார டிரைவர் என்றால் நாலு மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தப் பயத்தில் அவர் வண்டியை நகர்த்திவிடுகிறார். கார் வைத்திருப்பவர்கள் தங்கள் டிரைவரிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்: எங்கே யார் வண்டியில் பட்டாலும் நில்லுங்கள், எனக்கு போன் பண்ணுங்கள், உங்கள் சம்பளத்தில் கை வைக்கமாட்டேன். சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.