சாமி படத்துக்குக் கீழே ஒரு கடை

பழைய வீடுகளின் பூஜை அறையை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். முருகன், லட்சுமி, மீனாட்சி கல்யாணம்... கண்ணாடிச் சட்டம், குங்குமப் பொட்டு, நேற்று வைத்த பூ. இதில் பல படங்கள் யாரும் காசு கொடுத்து வாங்கியவை இல்லை. ஏதோ ஒரு ஜவுளிக்கடை, ஏதோ ஒரு நல்லெண்ணெய் மண்டி வருஷப் பிறப்புக்கு இனாமாகக் கொடுத்த காலண்டர்! டிசம்பர் முடிந்ததும் தேதித்தாள் குப்பைக்குப் போனது. சாமி மட்டும் தங்கிவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் இது ஒரு அபாரமான வியாபார மூளை. பத்திரிகையில் போட்ட விளம்பரம் மறுநாள் வடை மடிக்கப் போய்விடும். சுவரில் ஒட்டிய நோட்டீஸை ஆடு தின்றுவிடும். ஆனால் சாமி படத்தை யார் கிழிப்பார்கள்? சாமி இருக்கும்வரை அவர் காலடியில் கடையின் பெயரும் இருக்கும். பி.காம். பாடப்புத்தகத்தில் 'நற்பெயர்' என்று ஒரு கண்ணுக்குத் தெரியாத சொத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோமே, அதைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆணியில் மாட்டி வைத்தவர்கள் இந்தக் கடைக்காரர்கள்தான்.

இந்தப் படங்களில் நிறைய பிறந்த இடம் கரிசல் பூமி. கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜு (1898-1976) என்ற ஓவியர் இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து ஊர் ஊராகச் சுற்றி, 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள்தான் காலண்டர்களில் வீடு வீடாகப் போயின. அந்தப் படங்களில் சாமிக்குப் பின்னால் நிற்கும் தூண்கள், படிக்கட்டு, தூரத்து மலை, அருவி எல்லாம் நாடக மேடைத் திரையை ஞாபகப்படுத்தும். உங்கள் தாத்தா பாட்டி கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோ இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் அதே தூண், அதே படிக்கட்டு இருக்கலாம்!

படம் கோவில்பட்டி என்றால் அச்சு சிவகாசி. மழை இல்லாத அந்த ஊரிலிருந்து 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்ததும் அதற்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக வண்ண அச்சகம் வந்தது. அச்சகம் வந்தபின் காலண்டர் வராமல் இருக்குமா? ஒரு பஞ்சத்துக்கு ஊர் கண்டுபிடித்த பதில், கடைசியில் ஊர் ஊராகப் பூஜை அறைகளில் போய் உட்கார்ந்தது.

சரி, படத்துக்குக் கீழே இருக்கும் அந்த ஒரு விரற்கடைப் பட்டைக்கு வருவோம். உண்மையான ஊர் வரலாறு அங்கேதான் இருக்கிறது.

விலை அணாவில் இருந்தால் அது பெரும்பாலும் 1957க்கு முந்தியது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. மாநிலத்தின் பெயர் 'மெட்ராஸ்' என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியதாக இருக்கும். பின்கோடு இருந்தால் நிச்சயம் 1972க்குப் பிந்தியது. 'சிவகாசி, ராமநாதபுரம் மாவட்டம்' என்றிருந்தால் 1985க்கு முன்னால். 'காமராஜர் மாவட்டம்' என்றிருந்தால் 1985க்கும் 1997க்கும் நடுவில். மூன்று இலக்கத்தில் போன் நம்பர், தந்தி விலாசம் (தந்தியே 2013 ஜூலையோடு நின்றுவிட்டது), 'மொத்தம் மற்றும் சில்லறை வியாபாரம்'. அப்புறம் அந்த அமர வாசகம்: 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது'! அந்த ஒரு வரியில் எத்தனை பெருமை, எவ்வளவு பங்காளிச் சண்டை.

அந்தக் கடைகளில் பல இன்று இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் சில போயின. சாலையை அகலப்படுத்தியதில் சில போயின. மகன் வெளியூரில் வேலைக்குப் போனதால் ஷட்டரை இறக்கியவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை. கணக்குப் புத்தகங்களைக் கரையான் தின்றாயிற்று. மிச்சம் இருப்பது அந்தப் பட்டை மட்டும்தான்.

வேதனை என்னவென்றால், பல வீடுகளில் அந்தப் பட்டையும் இல்லை. சட்டம் போடக் கொடுக்கும்போது, "கீழே கடை பேரு தெரியக்கூடாது, வெட்டிருங்க" என்று வீட்டுக்காரர்களே சொன்னார்கள். சாமிக்கு முன்னால் விளம்பரம் எதற்கு என்ற பக்திதான். தப்பில்லை. ஆனால் கத்தரிக்கோல் வெட்டியது ஒரு ஊரின் கடைத்தெருவை.

வெட்டாமல் தப்பியவையும் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. பழைய வீட்டை இடிக்கும்போது சாமி படத்தைக் குப்பையில் போட மனசு வராது. அரசமரத்தடியிலோ கோயில் மூலையிலோ சாய்த்து வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இரண்டு மழைக்கு அது தாங்கும். மூன்றாவது மழையில் முதலில் கரைவது அடியில் இருக்கும் பட்டைதான்.

சிவகாசியில் வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடும் வழக்கம் இருக்கிறது. இனியும் புதுப் படங்கள் வரும், புதுக் கடைகளின் பெயர் ஏறும். பழையவை திரும்ப வராது.

அடுத்த முறை பாட்டி வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சாமியைக் கும்பிட்டுவிட்டு, அவர் காலடியையும் ஒரு போட்டோ எடுங்கள். "இந்தக் கடை எங்கே இருந்துச்சு பாட்டி?" என்று கேளுங்கள். பதில் அரை மணி நேரத்துக்குக் குறையாது!