பிள்ளையொடு மலை கண்டது

மலை காணச் செல்வார் பலர். சிறு பிள்ளையை உடன்கொண்டு செல்வார்க்கோ அருவியை நோக்கும் கண் ஒன்றும், பிள்ளையின் காலடியை நோக்கும் கண் ஒன்றும் வேண்டும். சென்ற தைத் திங்களில், சனியும் ஞாயிறுமாகிய இரு நாள், யாம் எம் குடும்பத்தாருடன் விக்கிரமசிங்கபுரம் சென்று பாபநாசத்து மலையும் ஆறும் கண்டு மீண்டோம். அதனை ஈண்டு எழுதப் புகுந்ததற்குக் காரணம் மலை மட்டுமன்று.

எம் தமக்கையாரின் கணவர் வளைகுடா நாடொன்றில் ஒப்பந்தப் பணி புரிபவர். மகன் பிறந்த நாற்பதாம் நாள் புறப்பட்டுப் போன அத்தான், இரண்டாண்டும் இரண்டு திங்களும் கழித்தே ஒரு திங்கள் விடுமுறையில் வந்தார். பிள்ளை அவரை அறியான். அறியான் என்று கூறுவதும் முற்றும் பொருந்தாது. நாள்தோறும் இரவில் கைப்பேசியில் அவர் முகங்கண்டு முத்தமிடுபவன் அவன். ஆதலின், "அப்பா எங்கே?" என்று வினவினால், எதிரே அமர்ந்திருக்கும் அத்தானை விடுத்து, மேசைமேற் கிடக்கும் கைப்பேசியைச் சுட்டுவான். அத்தான் தூக்கினாலோ வீறிட்டு அலறுவான். ஐந்து நாள் இவ்வாறே கழிந்தன. அத்தான் நகைத்துக்கொண்டேயிருந்தார், ஆறாம் நாள், உணவு வேண்டாவென்று கூறி மாடிக்குச் சென்றுவிட்டார். அன்றிரவு எம் அன்னையார், "வீட்டிற்குள்ளேயே அடைந்து கிடந்தால் பிள்ளை எவ்வாறு பழகும்? சித்தி வீட்டிற்குப் போய் வருவோம், மலையும் தண்ணீரும் காட்டுவோம்" என்றார்.

தலைவன் பொருள்வயிற் பிரிதலும் தலைவி ஆற்றாளாதலும் தமிழ் பயிலும் எமக்கு வகுப்பிற் கேட்டுப் பழகியவையே. பிரிந்தவன் பொருளோடு மீண்டும், பெற்ற மகன் அவனை ஏலாதொழியும் துறை ஒன்று உண்டோவெனத் தேடினோம். யாம் பயின்ற அளவில் அகப்படவில்லை. பாலைக்கு உரியது பிரிதல், குறிஞ்சிக்கு உரியது புணர்தல். எனவே அன்னையார் மலையைத் தெரிந்தெடுத்ததனை நன்னிமித்தமாகக் கொண்டோம். உரையாசிரியர் எவரும் இப்பொருத்தத்தை ஒப்பார்!

நெல்லையிலிருந்து செங்கோட்டை செல்லும் புகைவண்டியில் ஏறினோம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னே செல்ல, மலை அணுகிக்கொண்டே வந்தது. பிள்ளை சாளரக் கம்பியைப் பற்றி நின்று, கண்ட கொக்கிற்கெல்லாம் கைகொட்டினான். அம்பாசமுத்திரத்தில் இறங்கிப் பேருந்தேறினோம். விக்கிரமசிங்கபுரத்தை ஊரார் வி.கே.புரம் எனச் சுருக்கியே வழங்குவர். அவ்வூரை வளர்த்தது பஞ்சாலை. 1880களில் ஹார்வி சகோதரர் பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு ஆங்கே நூற்பாலை நடத்தத் தொடங்கினர். மதுரா கோட்ஸ் என்பது அதன் பிற்காலப் பெயர். 1944இல் பாபநாசத்து மின்னிலையமும் இயங்கத் தொடங்கிற்று. அருவியைக் கண்டு புலவன் பாட்டிசைப்பான். வணிகன் சக்கரம் சுழற்றுவான். சித்தப்பாவின் தந்தையார் அவ்வாலையில் உழைத்தே ஐந்து மக்களை வளர்த்தவராதலின், அவ்வீட்டில் வணிகனைக் குறைகூற யாம் துணியவில்லை.

சனிக்கிழமை நண்பகலில் ஓர் ஊர்தி அமர்த்தி மலையேறினோம். வனத்துறைச் சாவடியில் பைகளைச் சோதித்து நெகிழிப் பொருள்களை விலக்குகின்றனர். 1988 முதல் புலிகள் காப்பகமாயுள்ள காடு அது; இச்சோதனை வேண்டுவதே. 143 அடி அணையாகிய காரையாற்றில் நீர் நிரம்பிக் கிடந்தது. பிள்ளை உறங்கிவிட்டமையால் யாமும் நெடிது நில்லாது திரும்பி, அகத்தியர் அருவிக்கு வந்தோம்.

ஆங்கே நேர்ந்தது வேறு. அருவியின் முழக்கங் கேட்டு விழித்த பிள்ளை அஞ்சி நடுங்கினான். அந்நேரத்தில் குரங்கொன்று பாய்ந்து, தமக்கையார் கையிலிருந்த ரொட்டிப் பொதியைப் பறித்துக்கொண்டு ஓடிற்று. பிள்ளை எம் கழுத்தை இறுகத் தழுவிக்கொண்டான். அத்தான் இரு கையும் நீட்டி, "வா, ஐயா, வா" என்றார். பிள்ளைத்தமிழில் வருகைப் பருவம் பாடும் புலவர் நயந்து நயந்து அழைப்பர். அழைத்த பிள்ளை வாராதொழிந்தால் அவர் என் செய்தனர் என்று எங்கும் கூறினாரல்லர். அத்தான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அருவியைப் பார்ப்பார்போல் அப்புறம் திரும்பி நின்றார். அவர் முகம் நனைந்திருந்தது. திவலை எங்கும் தெறித்தமையால், அதற்குமேல் ஒன்றும் துணிந்து கூறற்கில்லை.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் பாபநாசம் படித்துறைக்குச் சென்றோம். நீராட வருவோர் பழந்துணிகளை ஆற்றிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் ஒன்று உளது. பொருநை போலும் ஓர் ஆற்றிற்கு மக்கள் செய்யும் கைம்மாறு இது! ஆயினும் நீர் தெளிந்து ஓடிற்று. அதன்கண் பெருமீன்கள் கூட்டங்கூட்டமாய்த் திரிந்தன. ஆங்கு வருவோர் பொரி வாங்கி அவற்றிற்கு இடுவர். அத்தான் ஒரு பொதி வாங்கிக் கீழ்ப்படியில் அமர்ந்தார். இம்முறை அவர் பிள்ளையை அழைக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு பிடி பொரியை எறிவதும், மீன் மொய்ப்பதை நோக்கியிருப்பதுமாக இருந்தார். பிள்ளை அன்னையாரின் கையை விடுத்து ஒரு படி இறங்கினான். பின்னும் ஒரு படி. தமக்கையார் எழ முயல, அன்னையார் அவர் தோளைப் பற்றி அமர்த்தினார். பிள்ளை அத்தானின் முதுகின் பின்னே நெடுநேரம் நின்றான். பொதிக்குட் கைவிட்டான். எறிந்த பொரி நீர்வரை எட்டாது படியிலேயே சிதறிற்று. அத்தான் வாய் திறவாமல் அவன் இடையை ஒரு கையால் அணைத்து நீரருகே நிறுத்தினார். அவன் அலறவில்லை. "மீனு" என்றான். "ஆம், மீன்" என்றார் அத்தான். இரண்டாம் பொதியும், மூன்றாம் பொதியும் யாமே சென்று வாங்கி வந்தோம்.

மீண்டுவருகையில் அவன் அத்தானின் மடியில் உறங்கினான். "இனிப் புறப்படும் நாளில் என் செய்வான்?" என்றார் தமக்கையார். எவரும் மறுமொழி கூறவில்லை. வீரவநல்லூர் நிலையத்தில் வண்டி நின்றபோது அத்தானின் கால் மரத்துவிட்டது. பிள்ளையை யாம் வாங்கிக்கொள்கிறோம் என்றோம். அவர் தரவில்லை.

அத்தான் திருவனந்தபுரத்தில் வானூர்தி ஏறி இப்பொழுது இரு திங்களாயின. இரவில் அழைப்பு வந்ததும் பிள்ளை அடுக்களைக்கு ஓடிப் பொரி கொணர்ந்து, கைப்பேசியின் முன் பிடி பிடியாய் இறைக்கின்றான். அத்தான் மறுபுறத்தே வாய் திறந்து திறந்து மூடுகின்றார். பேச்சு முடிந்தபின் தமக்கையார் துடைப்பம் எடுத்துத் தரையைப் பெருக்குகின்றார்.