வீடு லிஸ்பனில், கடிகாரம் வெளியூரில்

மனைவியின் விசாவில் இந்த நாட்டுக்கு வந்தவன் நான். திருச்சியில் இருக்கும் பெரியப்பாவுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "அப்போ உனக்கு அங்க வேலை இல்லையாப்பா?" என்றார். இருக்கிறது பெரியப்பா, சென்னையில் என்றேன். "சென்னையில வேலைன்னா லிஸ்பன்ல எதுக்கு உட்கார்ந்திருக்க?" என்றார். நியாயமான கேள்வி.

போர்த்துகல் 2022 அக்டோபர் கடைசியில் டி8 என்ற புது விசாவைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே இங்கே குடியிருக்கலாம். இந்த வழியை ஐரோப்பாவில் முதலில் திறந்த நாடுகளில் ஒன்று எஸ்டோனியா, 2020இல். பிறகு குரோஷியா, கிரீஸ், ஸ்பெயின் என்று வரிசையாக வந்தார்கள். போர்த்துகலின் முக்கிய நிபந்தனை வருமானம். இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு மாதாமாதம் வர வேண்டும். 2023இல் குறைந்தபட்சச் சம்பளம் 760 யூரோ, ஆகவே 3,040 யூரோ. நியூயார்க் நிறுவனத்துக்கு வேலை செய்யும் என் மனைவி அதைச் சுலபமாகத் தாண்டினாள். சென்னை நிறுவனத்துக்காகக் கணக்கு மென்பொருளைச் சோதித்துக்கொடுக்கும் எனக்கு அது எட்டவே எட்டாது. அவள் விண்ணப்பதாரர், நான் குடும்ப உறுப்பினர். படிவத்தில் 'யாரைச் சார்ந்தவர்' என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

இந்த வாழ்க்கையைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் எல்லோரும் லேப்டாப்பையும் கடலையும் ஒரே சட்டத்துக்குள் வைக்கிறார்கள். கடிகாரத்தை யாரும் காட்டுவதில்லை. சென்னையில் காலை ஒன்பதரைக்கு மீட்டிங் என்றால் லிஸ்பனில் கோடையில் விடிகாலை ஐந்து மணி, குளிர்காலத்தில் நாலு மணி. நியூயார்க்கோ எங்களுக்கு ஐந்து மணி நேரம் பின்னால். மனைவிக்கு மதியம் இரண்டு மணிக்கு வேலை தொடங்கினால் முடிய இரவு பத்து, பத்தரை ஆகும். வீட்டில் மேசை ஒன்றுதான். மில்லில் ஷிப்டு மாறுவதைப் போல, நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் ஆள் மாறிவிடுவோம். நான் ஒரு மணிக்கு எழுந்திருப்பேன், அவள் இரண்டு மணிக்கு உட்காருவாள். சாப்பாடு, கடை, பில், சண்டை, சமாதானம் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். மார்ச்சில் அதுவும் போய்விடும். அமெரிக்கா கடிகாரத்தை இரண்டாம் ஞாயிறே முன்னால் தள்ளிவிடுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறு வரை காத்திருக்கிறது. அந்த இடைப்பட்ட நாட்களில் நான் எழும்போதே அவள் ஹெட்போனை மாட்டியிருப்பாள். இரவு ஒன்பது மணிக்கு நான் படுக்கப் போகும்போது கதவுக்கு அந்தப்புறம் நியூயார்க்கின் பிற்பகல் நடந்துகொண்டிருக்கும்.

போர்த்துகலில் நல்ல சட்டம் ஒன்று இருக்கிறது. வேலை நேரம் முடிந்தபின் ஊழியரை முதலாளி தொடர்புகொள்ளக் கூடாது, மீறினால் அபராதம். 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைக் கொண்டாடி எழுதின. எங்களுக்கு அதனால் ஒரு பைசாப் பிரயோசனமில்லை. எங்கள் முதலாளிகள் இந்த நாட்டில் இல்லையே!

இப்படி லிஸ்பனில் உட்கார்ந்து ஊருக்காக வேலை பார்த்த முதல் தமிழர்கள் நாங்கள் இல்லை என்பது மட்டும் ஓர் ஆறுதல். 1554இல், மன்னர் மூன்றாம் ஜான் காலத்தில், முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்காக ஒரு சிறிய தமிழ் மறைநூல் லிஸ்பனில் அச்சானது. தமிழ் எழுத்து அப்போது அச்சு ஏறவில்லை. தமிழை ரோமன் எழுத்தில் கோத்திருந்தார்கள். அதில் உழைத்தவர்கள் லிஸ்பனில் வாழ்ந்த மூன்று தமிழர்கள். ஞானஸ்நானப் பெயர்கள்தான் நமக்குத் தெரியும்: விசெந்தே த நசரே, ஜோர்ஜ் கர்வால்யோ, தோமே த குரூஸ். தங்கியது ஐரோப்பாவில், வாசகர்கள் தூத்துக்குடிப் பக்கம். அவர்களுக்கு விடிகாலை மீட்டிங் இருந்திருக்காது. ஆனால் கப்பல் போய்ச் சேர மாதக்கணக்காகும்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென்யா த ஃபிரான்சா என்ற மேட்டுப் பகுதியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் நாலாவது மாடி. வீடு தேடும்போது, உள்ளூரில் ஜாமீன் நிற்க ஆள் உண்டா என்றார்கள். இல்லை என்றதும் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. அதிர்ச்சி டிசம்பரில் வந்தது. லிஸ்பனில் பனி விழாது, குளிர் பத்து டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. ஆனால் பல வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது. வெளியே வெயில் காய்வார்கள், உள்ளே வந்து கோட்டு மாட்டிக்கொள்வார்கள். சுவரில் ஓதம் ஏறியது. துணி அலமாரியின் பின்பக்கம் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பில் ஒரு நாள் அதே கறுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே ஈர உறிஞ்சி எந்திரம் ஒன்று வாங்கிவந்தோம். காலையில் நான் செய்யும் முதல் வேலை அதன் தொட்டியைக் கழற்றிக் கொட்டுவதுதான். இரண்டு லிட்டருக்கு மேல் இருக்கும். முந்தைய இரவு முழுதும் நாங்கள் மூச்சிழுத்த தண்ணீர்.

இட்லி மாவு புளிப்பதற்கு ஓவனின் விளக்கைப் போட்டு உள்ளே வைக்க வேண்டும் என்பது இங்கே எல்லாத் தமிழர்களுக்கும் தெரிந்த ரகசியம். உளுந்தும் கறிவேப்பிலையும் மார்த்திம் மொனிஸ் சதுக்கத்தை அடுத்த பென்ஃபொர்மோசோ தெருவில் கிடைக்கும். குறுகலான, சற்று ஏற்றமான தெரு. பங்களாதேஷ்காரர்களின் மளிகைக்கடை, முடிதிருத்தகம், பணம் அனுப்பும் கடை என்று நெருக்கியடித்து இருக்கும். 2024 டிசம்பர் 19 அன்று அந்தத் தெருவைப் போலீஸ் மறித்து, அங்கிருந்தவர்களைச் சுவரோரமாகக் கைதூக்கி நிற்கவைத்துச் சோதித்தது. வரிசையாக நிற்கும் அந்தப் படம் நாடு முழுக்க விவாதமானது. அடுத்த மாதமே அதை எதிர்த்து லிஸ்பனில் பெரிய ஊர்வலம் நடந்தது. நாங்கள் வழக்கமாகக் கறிவேப்பிலை வாங்குவது சனிக்கிழமை. அது வியாழக்கிழமை. அவ்வளவுதான் வித்தியாசம். தோலில் விசா வகை எழுதியிருப்பதில்லை.

பயணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், வேலை பார்த்துக்கொண்டே ஐரோப்பா சுற்றுவது என்பது பாதிக் கதை. குடியிருப்பு அட்டை கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்கு 90 நாள் வரை இருக்கலாம். 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணமும் இல்லை. போர்த்துகல் சிம் எல்லா ஊரிலும் உள்ளூர் சிம் மாதிரி ஓடும். ஆனால் அலுவலக லேப்டாப்பைத் திறக்க நிறுவனம் அனுமதிக்க வேண்டும். எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறோமோ அந்த நாட்டு வரித்துறை கதவைத் தட்டலாம் என்று நிறுவனங்கள் பயப்படுகின்றன. மனைவியின் நிறுவனம் போர்த்துகலைத் தவிர வேறெங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே வெளிநாட்டுப் பயணம் எல்லாம் லீவு நாளில்தான். லிஸ்பனிலிருந்து மாட்ரிட்டுக்கு ராத்திரி ரயில் ஒன்று இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தியதோடு சரி. செவில் நகரத்துக்குப் பேருந்தில் போனோம். ஸ்பெயின் எங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால். ஏதென்ஸ் இரண்டு மணி நேரம் முன்னால். கிழக்கே போகப் போகச் சென்னை எனக்கு வசதியாகிக்கொண்டே வரும், நியூயார்க் அவளுக்கு நள்ளிரவை நோக்கி நகரும். ஆக, அனுமதியே கிடைத்தாலும் எங்கள் இருவருக்கும் ஒத்துவரும் நாடு வரைபடத்தில் இல்லை.

லேப்டாப்போடு போன ஒரே இடம் மதைரா. தீவானாலும் போர்த்துகல் மண், அதனால் அனுமதி தேவைப்படவில்லை. அங்கே போந்தா தோ சோல் என்ற கடலோரக் கிராமத்தில் 2021 பிப்ரவரியில் தொலைதூர வேலைக்காரர்களுக்கென்றே ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். கலாசார மையத்தில் மேசை, நல்ல இணையம். மனைவிக்கு அந்த மேசை பிடித்தது. எனக்குக் கிராமத்தைச் சுற்றி மலைச்சரிவில் படி படியாக ஏறும் வாழைத்தோட்டங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. காவிரிக்கரையில் வாழையைச் சமவெளியில் பார்த்து வளர்ந்தவன். கருங்கல் சுவர் கட்டி, ஒரு பாத்தியில் நாலே நாலு மரம் வைத்து, மழைபெய்யும் வடக்கிலிருந்து லெவாதா என்ற வாய்க்காலில் தண்ணீர் இறக்கிப் பாய்ச்சுகிறார்கள். தார் வெட்டி முதுகில் சுமந்து படி இறங்கிய ஒருவரிடம் ஒரு இலை கேட்டேன். எதற்கு என்றார். சாப்பிட என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இலையோடு கூடவே ஒரு சீப்புப் பழத்தையும் கொடுத்தார். இலையைத் தின்பவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 28, திங்கட்கிழமை, பகல் பதினொன்றரைக்குக் கொஞ்சம் மேல் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் மட்டும் என்று நினைத்தேன். பிறகு தெருவில், பிறகு ஊரில், பிறகு போர்த்துகலும் ஸ்பெயினும் ஏறத்தாழ மொத்தமாக என்று தெரிந்தது. மெட்ரோ நின்றது, சிக்னல் நின்றது, மதியத்துக்குள் மொபைலும் ஒவ்வொரு கோடாக இழந்து செத்தது. கடைகளில் ஜனம் தண்ணீர் பாட்டிலுக்கும் டப்பா மீனுக்கும் பேட்டரி ரேடியோவுக்கும் முண்டியடித்தது. நான் 2012இன் திருச்சியைப் பார்த்தவன். நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சென்னையில் என் சாயங்கால மீட்டிங் நான் இல்லாமலே முடிந்திருக்கும். மனைவி இரண்டு மணிக்குப் பழக்க தோஷத்தில் மேசைக்குப் போய், கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். வாரநாள் சாயங்காலம் இருவருக்கும் சேர்ந்து வேலையில்லாமல் போனது அந்த வீட்டில் அன்றுதான்.

மூன்றாவது மாடியில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார். படியில் 'போம் தியா' என்று வணக்கம் சொல்வதோடு எங்கள் பழக்கம் முடிந்துவிடும். அவர் அடுப்பு மின்சார அடுப்பு, எங்களுடையது சிலிண்டர். ரவா உப்புமா கிளறி ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். அவரிடம் பேட்டரி ரேடியோ இருந்தது. செய்தியைக் கேட்டு, நிறுத்தி, எங்களுக்குப் புரியும்படி மெதுவாகத் திரும்பச் சொன்னார். முந்திரியைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு உப்புமாவைச் சாப்பிட்டார், முந்திரியைக் கடைசியாகச் சாப்பிட்டார். 1990க்கு முந்தைய ஒப்பந்தம் அவருடையது, வாடகையைச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. இரண்டாவது மாடி முழுக்கச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகை. எங்கள் வீட்டில் எங்களுக்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று என் மனைவி கேட்டாள். ஓர் ஆசிரியை, அவர் கணவர், ஒரு சின்னப் பெண். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் புது வாடகை சொல்லியிருக்கிறார். கட்ட முடியாமல் ஆற்றுக்கு அக்கரையில் பரெய்ரோ பக்கம் போய்விட்டார்கள். ஆசிரியை இன்றும் படகேறித்தான் லிஸ்பனுக்கு வேலைக்கு வருகிறாராம். பாட்டி இதைக் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார்.

அந்தப் புது வாடகையைக் கொடுக்க முன்வந்தவர்கள் நாங்கள். விசா விதியே எங்களை அப்படித்தான் பொறுக்கி எடுத்திருக்கிறது. இந்த ஊரின் அடிமட்டச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு இருந்தால்தான் உள்ளே வா என்கிறது. அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 870 யூரோ. லிஸ்பன் நகருக்குள் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு அது போதாது. வீட்டு வாடகையை எதிர்த்து 2023இலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்குகிறார்கள். தொலைதூர வேலைக்காரர்களை மட்டும் குற்றம்சொல்வது தப்பு. சுற்றுலா வாடகையும், முதலீட்டுக்கென வாங்கிப் பூட்டிய வீடுகளும், பல வருடம் புதிதாக வீடு கட்டாத அரசும் கணக்கில் வரும். ஆனால் எங்கள் மாடியைப் பொறுத்தவரை கணக்கு நேரானது.

அன்று இரவு பத்து மணியை ஒட்டித் தெருவிளக்கு எரிந்தது. தெருவே கைதட்டியது. மனைவியின் மொபைலில் நியூயார்க்கிலிருந்து செய்திகள் பொழிந்தன. இன்னும் அரை மணி வேலை நேரம் மிச்சமிருக்கிறது என்று ஞாபகப்படுத்தியிருந்தார்கள்.

பாட்டியோடு ரேடியோ இல்லாமலும் பேச வேண்டும் என்று அரசு நடத்தும் இலவச மொழி வகுப்பில் சேர்ந்தேன். பிற்காலத்தில் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்க ஏ2 அளவு போர்த்துகீசியம் தேவை. வகுப்பு மாலை ஏழு மணிக்கு. அப்போது நியூயார்க்கில் மதியம் இரண்டு மணி. ஆகவே விசாவுக்கு உரியவள் மேசையில் இருக்கிறாள், சார்ந்து வந்தவன் வகுப்பில் இருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் அந்த நேரத்தை விட்டுத்தர முடியுமா என்று அவள் மேலாளரிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வழியில் வர நினைக்கும் தம்பதிகளுக்கு ஒன்று சொல்வேன். வரித்துறையில் முறையாகப் பதிவாகும் வாடகை ஒப்பந்தத்தைத் தேடுங்கள், பூஞ்சணத்துக்கு எந்திரம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வேலை நேரத்தை மட்டும் விமானம் ஏறுவதற்கு முன்பே எழுத்தில் பேசி வாங்கிவிடுங்கள். வந்தபின் கேட்டால், லிஸ்பனில் இருப்பதே உங்களுக்குக் கொடுத்த சலுகைதானே என்பார்கள்.