முகம் காட்டாதவர்கள் மேடையேறிய கொட்டகை

லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்டில் ரயில் ஏறி வடக்கே போனால், ஜன்னலுக்கு வெளியே குடிநீர் ஏரிகளும் கிடங்குகளும் மாறி மாறி வரும். டாட்டன்ஹாம் ஹேலைத் தாண்டி இரண்டாவது நிறுத்தம், மெரிடியன் வாட்டர். பிக் பென் பார்க்க வந்தவர்களுக்கு இங்கே வேலையே இல்லை.

இங்கிருந்து எட்டிவிடும் தூரத்தில் பெரிய கிடங்கு போல நிற்கிறது 'டிரம்ஷெட்ஸ்'. முன்பு இது ஐகியா மரச்சாமான் கடை. 2005-ல் திறப்பு விழாத் தள்ளுபடிக்காக நள்ளிரவில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடிக்க, சிறிது நேரத்திலேயே கதவை இழுத்து மூட வேண்டியதாயிற்று. 2022-ல் கடை நிரந்தரமாகவே மூடப்பட்டது. மறு ஆண்டு, 15,000 பேர் கூடக்கூடிய இசை அரங்கமானது. சோபாவும் கட்டிலும் விற்ற கூடத்தில்தான் 2023 டிசம்பர் 14-ம் தேதி 'சால்ட்' குழு முதன்முறையாக ரசிகர்கள் முன் வாசித்தது.

யார் இந்த சால்ட்? அதைத்தான் நான்கு வருடங்களாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2019-ல் '5', '7' என்று வெறும் எண்களைத் தலைப்பாக வைத்து இரண்டு ஆல்பங்கள் வந்தன. உருக வைக்கும் சோல், காலைத் தட்ட வைக்கும் ஃபங்க். பேட்டி இல்லை, புகைப்படம் இல்லை. தயாரிப்பாளர் இன்ஃப்ளோ, பாடகி கிளியோ சோல் ஆகிய பெயர்கள் மட்டும் கசிந்தன. இந்த இன்ஃப்ளோ சாதாரண ஆளல்ல. பிரிட்டனின் மதிப்புமிக்க மெர்குரி பரிசை 2020-ல் மைக்கேல் கிவானுகாவும், 2022-ல் லிட்டில் சிம்ஸும் வென்ற ஆல்பங்களில் அவருடைய கைவண்ணம் இருக்கிறது.

ஒளிந்திருந்தாலும் ஓயவில்லை. 2021-ல் வந்த 'நைன்' ஆல்பத்தை 99 நாள்கள் மட்டுமே இணையத்தில் விட்டுவைத்தார்கள். 2022 நவம்பரில் ஒரே நாளில் ஐந்து ஆல்பங்கள், கடவுச்சொல் போட்டுத் திறக்க வேண்டிய கோப்பாக, ஐந்தே நாள்களுக்கு இலவசம்! ஐந்தையும் ஒரே மூச்சில் கேட்டால் திகட்டும் என்பது வேறு விஷயம். இந்த ஒளிவுமறைவில் பாதி, வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்களையும் குறை சொல்ல முடியாது.

ஆனால், பாட்டு என்ன சொல்கிறது என்று பார்த்தால் விளையாட்டாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட சில வாரங்களில், 2020 ஜூன் 19-ல் வந்தது 'அன்டைட்டில்டு (பிளாக் இஸ்)'. அடிமை ஒழிப்பை அமெரிக்கக் கறுப்பின மக்கள் கொண்டாடும் நாள் அது. 'நைன்' இன்னும் பக்கத்தில் வருகிறது: லண்டன் பையன்களை விழுங்கும் தெருச் சண்டைக் கும்பல்கள். அதில் ஒருவர், தன் அப்பா கொலையான செய்தி வீட்டுக்கு வந்ததைப் பேச்சாகவே சொல்கிறார். இசை ஒதுங்கி நின்று கேட்கிறது. அந்த இடத்தில் ஒரு நட்சத்திரத்தின் முகம் குறுக்கே வந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

ரயில் கடந்து வந்த டாட்டன்ஹாம் ஹேல் அருகில்தான் 2011-ல் மார்க் டக்கன் என்ற இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. டாட்டன்ஹாமில் பற்றிய கலவரத் தீ பல நகரங்களுக்குப் பரவியது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் அந்த டிசம்பர் இரவு, தந்தி வாத்தியக் குழுவும் சேர்ந்திசைக் குழுவுமாக சால்ட் நின்றது. கிளியோ சோல், லிட்டில் சிம்ஸ், கிவானுகா, ஜமைக்காவின் க்ரோனிக்ஸ் ஆகியோர் பாடினார்கள். டிக்கெட் 99 பவுண்ட். பாட்டில் வரும் தெருக்காரர்களில் எத்தனை பேரால் அதை வாங்கியிருக்க முடியும்?

அன்று வாசித்த புதிய பாடல்கள் 2024-ல் 'ஆக்ட்ஸ் ஆஃப் ஃபெய்த்' ஆல்பமாக வந்தன.