நுகம் தரும் மரம்



உடையார்பாளையத்தில் நமது ஆலய வளாகத்து மூலையில் நின்ற நுணா மரம் உங்களுக்கு நினைவிருக்கும். அழகற்றது என்று எண்ணி அதை வெட்டச் சொன்னவன் நான். "ஐயா, அது நிற்கட்டுமே" என்று மூப்பர் ஒருவர் வேண்டினார், நான் செவிகொடுக்கவில்லை. அவ்விடத்தில் வைத்த புல்தரையும் குரோட்டன்ஸ் செடிகளும் இரண்டு கோடைகளைத் தாங்கவில்லை.

சென்ற வாரம் ஆரோவில் தாவரவியல் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அத்தோட்டம் 50 ஏக்கர் பரப்புடையது. 1968-இல் ஆரோவில் உருவானபோது, அந்தச் செம்மண் மேடு மழையால் அரிக்கப்பட்டு, பெரும்பாலும் மரமின்றிக் கிடந்தது. அங்கு குடியேறியவர்கள் முதலில் வரப்புகள் எழுப்பி மழைநீரை நிலத்திலேயே நிறுத்தினார்கள். விரைந்து வளரும் அயல்நாட்டு மரங்களை நிழலுக்காக நட்டார்கள். பின்னர், கிராமக் கோயில்காடுகளில் எஞ்சியிருந்த மரங்களின் விதைகளைத் தேடிச் சேகரித்தார்கள். காயா, வீரை, கருங்காலி முதலிய நம் மண்ணின் மரங்கள் மீண்டும் தலையெடுத்தன.

அங்கே ஒரு நுணாவின் முன் நெடுநேரம் நின்றேன். அதன் வேர் சாயம் தரும். அதன் மரத்தில்தான் நம் முன்னோர் நுகத்தடி செய்தார்கள். கிறிஸ்துவின் நுகத்தைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்த நான், நுகம் தரும் மரத்தை அறியாமல் வெட்டியிருக்கிறேன்.

ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தின்படி மனிதன் பெற்ற முதல் ஊழியம் ஒரு தோட்டத்தைப் பேணுவது. அந்த ஊழியத்தில் தவறினேன். அந்த மூப்பரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உங்களிடமும் கேட்கிறேன்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின், அதே மூலையில் அவர் கையால் ஒரு நுணாக் கன்று நடுவோம். ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுவாருங்கள்.