பையூக் கரையில் பொழுது சாயும்போது

அமெரிக்காவின் தெற்கே, லூயிசியானா மாநிலத்தில் ப்ரோ பிரிட்ஜ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1799-ல் ஃபிர்மின் ப்ரோ என்பவர் இங்கே பையூ டெஷ்ஷின் குறுக்கே ஒரு நடைபாலம் கட்டினார். பாலத்தின் பெயரே ஊருக்கும் ஆகிவிட்டது. ('ப்ரோ' என்று எழுதும்போது கடைசியில் ஒரு எக்ஸ் வரும். யாரும் அதை உச்சரிப்பதில்லை. எல்லாம் பிரெஞ்சு வழக்கம்!) பையூ என்றால் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் ஓடும் ஆறு. பல ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் மிசிசிப்பியே இந்த வழியாகத்தான் ஓடியதாம். இப்போது பார்த்தால் நம்ப முடியாது.

ஊரைப் பற்றி யாரைக் கேட்டாலும் கிராஃபிஷ் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். இறாலையும் நண்டையும் சேர்த்துச் செய்த மாதிரி ஒரு நன்னீர்ப் பிராணி. 1959-ல் மாநிலச் சட்டசபையே இந்த ஊரை 'உலகக் கிராஃபிஷ் தலைநகரம்' என்று அறிவித்தது. கோடையில் நெல் போட்ட வயலிலேயே குளிர்காலத்தில் தண்ணீர் கட்டி இதை வளர்க்கிறார்கள். ஆனால் எனக்கு இந்த ஊரில் பிடித்தது சாப்பாடு அல்ல, சாயங்காலம்.

சென்னையில் வருடம் முழுக்கப் பார்த்தாலும் சூரியன் மறையும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் முன்னே பின்னே போகும். இங்கே டிசம்பரில் ஐந்து மணி சொச்சத்துக்கே சூரியன் போய்விடும். ஜூனில் எட்டே கால் வரை வெளிச்சம். (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதும் ஒரு காரணம்.) மலை, மேடு என்று எதுவும் கிடையாது. வயலுக்கு அப்பால் சூரியன் தரையைத் தொடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஊருக்குத் தெற்கே மார்ட்டின் ஏரி. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் சைப்ரஸ் மரங்கள். கிளைகளில் சடைசடையாய்த் தொங்குவது ஸ்பானிஷ் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அன்னாசிக் குடும்பத்துச் செடி. வானம் சிவக்கும்போது கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் கூட்டம் கூட்டமாக அடைய வரும். அவை அடங்கும் நேரத்தில் வக்காக்கள் இரை தேடக் கிளம்பும். ஆலையில் ஷிப்டு மாறுகிற மாதிரி. பிறகு சில்வண்டு, அப்புறம் தவளை. முழுக்க இருட்டியதும் பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

இந்த மக்களைக் கேஜன் என்கிறார்கள். முன்னோர்கள் கனடாவில், இன்றைய நோவா ஸ்கோஷியா பக்கம் 'அகாடி' என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்தில் இருந்தவர்கள். 1755-ல் ஆங்கிலேயர்கள் அவர்களை அங்கிருந்து துரத்த ஆரம்பித்தார்கள். அலைந்து திரிந்து ஒரு பகுதியினர் லூயிசியானா வந்து சேர்ந்தார்கள். 'அகாடியன்' என்ற பெயர் வாயில் தேய்ந்து 'கேஜன்' ஆகிவிட்டது.

இருட்டியதும் அக்கம்பக்கத்து வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது இவர்களின் பழைய வழக்கம். அதற்கு 'வேயே' என்று பெயர். காப்பி, ஊர் வம்பு, கதை. பிள்ளைகளைப் பயமுறுத்த 'ருகரு' என்ற ஓநாய் மனிதன் வருவான். சதுப்பில் அலையும் வெளிச்சத்துக்கு 'ஃபிஃபோலே' என்று பெயர். சாட்சாத் நம் கொள்ளிவாய்ப் பிசாசேதான்! பேச்சு எல்லாம் பிரெஞ்சில்.

பகலில் அப்படி இல்லை. 1921-ல் வந்த மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. என் அறைத்தோழன் இந்த ஊர்க்காரன். அவன் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடம் போன முதல் நாள் பாட்டிக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாதாம். ஒன்றுக்குப் போக வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டதற்கு முட்டி போட வைத்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தன் பிள்ளைகளுக்கு அந்தக் கதி வேண்டாம் என்று அவர்களிடம் ஆங்கிலமே பேசினார். பிரெஞ்சு, விளக்கு வைத்த பிறகு, திண்ணையில், கணவரோடும் தங்கையோடும் மட்டும். கடன், வியாதி, சொந்தக்காரர் சண்டை என்று சிறுசுகள் காதில் விழக் கூடாத விஷயங்களுக்கு அது ரொம்ப வசதி. பேரன் காலத்திலும் அதே கதைதான். "எனக்குப் பிரெஞ்சு புரியாது. ஆனால் சின்ன வயதில் தவளைச் சத்தம் மாதிரி அதுவும் இருட்டினால் தானாக வரும் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான் நண்பன்.

இப்போது தாத்தா இல்லை, தங்கையும் இல்லை. தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிறது, கதவு சாத்தியிருக்கிறது. கொசுவலை அடித்த திண்ணையில் பாட்டி மட்டும் உட்கார்ந்திருப்பார். பேச்சுத் துணைக்குப் பிரெஞ்சு தெரிந்த ஆள் அந்தத் தெருவில் இல்லை.

1968-ல் பிரெஞ்சை மீட்க என்றே மாநில அரசு கோடோஃபில் என்ற அமைப்பைத் தொடங்கியது. இன்று பாடங்களையே பிரெஞ்சில் நடத்தும் பள்ளி வகுப்புகள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. நண்பனின் அண்ணன் மகள் அப்படி ஒரு வகுப்பில் படிக்கிறாள், எட்டு வயது. போன முறை நான் போயிருந்தபோது அவளும் திண்ணையில் இருந்தாள். பாட்டி காரை 'ஷார்' என்றார். அது கேஜன் பேச்சு. அவளோ பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி 'வுவாத்யூர்' என்று திருத்தினாள். பாட்டி விடவில்லை, மறுபடியும் 'ஷார்' என்றார். இப்படியே அரை மணி நேரம் சண்டை. எத்தனை வருடம் கழித்துப் பாட்டிக்குப் பிரெஞ்சில் சண்டை போட ஆள் கிடைத்ததோ! வெளியே நன்றாக இருட்டிவிட்டது. இரண்டு பேருமே விளக்கைப் போட எழுந்திருக்கவில்லை.

நண்பன் நடுவில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தான். இந்த செமஸ்டரில் பிரெஞ்சு முதல் நிலை வகுப்பில் சேர்ந்துவிட்டான். பரீட்சையில் 'ஷார்' என்று எழுதினால் மார்க் குறைப்பார்களா என்று நேற்று கேட்டான்.

குறைத்தால் குறைக்கட்டும், அப்படியே எழுது என்றேன்.