தலை எந்தப் பக்கம் சாயும்?

நீண்ட தூர விமானத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய், விளக்கை அணைத்து ஓரிரு மணி நேரம் ஆன பிறகு, நடைவழியில் ஒரு நடை போய் வந்தால் தெரியும், உட்கார்ந்தபடி தூங்க மனிதர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பது. ஒருவர் வாயைப் பிளந்து கூரையைப் பார்த்துக் கிடப்பார். ஒருவர் முன்னால் உள்ள தட்டை விரித்து, கையை மடித்து வைத்து, அதன்மேல் கவிழ்ந்திருப்பார். ஒரு பெண் கணவரின் தோளில் சாய்ந்து அயர்ந்து தூங்குவார். தோளைக் கொடுத்த பாவத்துக்குக் கணவர் அசையாமல் விழித்திருப்பார். நடுநடுவே கழுத்தைச் சுற்றி லாட வடிவத் தலையணை மாட்டியவர்கள். அவர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பலருக்குத் தலை அந்தத் தலையணையைத் தாண்டி முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும். தலையணை பாட்டுக்குப் பின்கழுத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

காசு கொடுத்து வாங்கி, பையில் தொங்கவிட்டு, கடல் தாண்டிச் சுமந்து வந்த பொருள் கடைசியில் வேலைக்கு ஆகவில்லை. கடையில் அதை எப்படி வாங்குகிறோம்? மெத்தென்று இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்க்கிறோம், துணியைத் தடவிப் பார்க்கிறோம். படுத்துத் தூங்குகிறவருக்கு அது சரி. உட்கார்ந்து தூங்குகிறவருக்கு வேண்டியது முட்டு. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கிறவர், மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம்தான் கம்பை ஊன்றுவார். கம்பு வழவழப்பாக இருக்கிறதா என்று யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

வளர்ந்த ஆளின் தலை ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோ இருக்கும். விழித்திருக்கும்வரை இந்தக் கனம் நமக்குத் தெரிவதில்லை. பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தூக்கம் ஆழமாக ஆக அந்தப் பிடி தளர்கிறது. தலையின் கனம் கழுத்தெலும்புக்குச் சற்று முன்னால் தள்ளி இருப்பதால், நிமிர்ந்து உட்கார்ந்தவரின் தலை முன்பக்கம் விழவே வாய்ப்பு அதிகம். விழுந்த வேகத்தில் திடுக்கிட்டு வெடுக்கென்று நிமிர்வோம். மறுபடி கண் சொக்கும், மறுபடி விழும். கனவு வரும் கட்டத்திலோ உடம்பின் பெரும்பாலான தசைகள் அறவே துவண்டுவிடுகின்றன. கனவில் ஓடுகிறவர் கட்டிலை விட்டு எழுந்து ஓடாமல் இருப்பது அதனால்தான். குதிரை நின்றபடியே தூங்கும் என்பார்கள். காலைப் பூட்டிக்கொண்டு நிற்க அதனால் முடியும், உண்மை. ஆனால் கனவுத் தூக்கம் வேண்டுமென்றால் அதுவும் தரையில் படுத்தாக வேண்டும். குதிரைக்கே முடியாததை, 31 அங்குலத்துக்கு ஒரு வரிசை என்று அடுக்கிய இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு நாம் செய்யப் பார்க்கிறோம்.

இருக்கையின் முதுகு எவ்வளவு சாய்ந்தால் தூக்கம் ஒழுங்காக வரும் என்று சோதித்த ஆய்வு ஒன்று 1987இல் ‘எர்கோனாமிக்ஸ்’ இதழில் வந்தது. நிமிர்ந்த நிலையிலிருந்து 40 பாகை அளவுக்காவது சாய வேண்டும் என்றது அது. எகானமி வகுப்பில் பொத்தானை அமுக்கினால் முதுகு சில அங்குலம் போகும். அதற்கே பின்னால் இருப்பவர் முறைப்பார். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350 விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. பிசினஸும் பிரீமியம் எகானமியும் மட்டும்தான். நம்மில் பலருடைய பயணம் வேறு மாதிரி. சென்னையிலிருந்து துபாய்க்கோ தோஹாவுக்கோ நாலு மணி நேரம் சொச்சம், அங்கே ஒரு காத்திருப்பு, அப்புறம் அமெரிக்காவுக்குப் பதினாலு, பதினாறு மணி நேரம். பெரும்பாலும் நடு இருக்கை வேறு.

லாட வடிவத்தின் கோளாறு அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. இருக்கையின் தலைப்பகுதி ஏற்கெனவே கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அதற்கும் கழுத்துக்கும் நடுவே இன்னும் மூன்று அங்குலத் தடிமனைச் செருகினால் தலை முன்னால் போகாமல் என்ன செய்யும்? விழும் திசையில் நாமே தள்ளிவிட்டு, அந்தத் திசையில் மட்டும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறோம். வீட்டில் ஏற்கெனவே இப்படி ஒன்று கிடந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். திருப்பி மாட்டுங்கள். திறப்பு பின்னாலும் தடித்த பகுதி தாடைக்குக் கீழும் வரட்டும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்? தாடைக்குத் தாங்கல் இருந்தால் வாயும் அவ்வளவாகத் திறக்காது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். வாயைத் திறந்து தூங்கி எழுந்தவருக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

பக்கவாட்டில் சாய்கிறவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு உயரம் வேண்டும். தோளுக்கும் காதுக்கும் உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். கழுத்து நீளமானவருக்குக் குட்டைத் தலையணை கொடுத்தால் தலை அதற்கு மேலேயே மடியும். குட்டைக் கழுத்துக்காரருக்கு உயரமானதைக் கொடுத்தால் தாடையை நெட்டித் தள்ளும். ஸ்காட்லாந்தில் உருவான ‘டர்ட்டில்’ என்ற வகையில் இதற்கு நல்ல யோசனை ஒன்று உண்டு. துணிக்குள் வளைந்த பிளாஸ்டிக் சட்டம். மஃப்ளர் மாதிரி சுற்றிக் கட்டினால் சட்டம் ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கும், பின்கழுத்தில் வெறும் துணிதான். ஒரே பக்கம் சாய்ந்து விடியவிடியத் தூங்குகிறவர்களுக்கு இது பொருந்தும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறுகிறவர் பாதி ராத்திரியில் அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வந்த ‘ஆஸ்ட்ரிச் பில்லோ’ என்ற ஒன்றும் உண்டு. தலை முழுக்க மூடிவிடும். மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரியும். போட்டுக்கொள்கிறவர் நன்றாகத் தூங்கலாம். பக்கத்தில் இருக்கிறவர் எப்படித் தூங்குவார் என்பதுதான் என் கவலை.

சரி, தன் தலை எந்தப் பக்கம் விழும் என்று ஒருவருக்கு எப்படித் தெரியும்? தூங்குகிறவர் தன்னைப் பார்க்க முடியாது. கூடவே பயணம் செய்கிறவரைக் கேட்பதுதான் வழி. நான் வீட்டில் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே என் மனைவி சொன்னாள்: “நீங்களா? முன்னாடிதான். மதுரை பஸ்ஸுல முன் சீட்டுக் கம்பியில இடிச்சுட்டு, டிரைவரைத் திட்டுவீங்களே.”

“அப்ப நீ?”

“நான் ஜன்னல் பக்கம். அதான் எனக்கு ஜன்னல் சீட்டு வேணுங்கறது. வேடிக்கை பார்க்கவா கேட்கிறேன்?”

கேட்க ஆள் இல்லாதவர்கள் தலையணை இல்லாமல் ஒரு பகல் நேரப் பேருந்தில் உட்கார்ந்து போய்ப் பார்க்கலாம். மதுரையில் ஏறினால் திண்டுக்கல் தாண்டுவதற்குள் விடை கிடைத்துவிடும்.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது இதற்கு அப்புறம்தான். இப்போது கடைகளில் மெமரி ஃபோமுக்குத்தான் மவுசு. 1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்பவர் உருவாக்கிய பொருள் அது. எதற்காக என்று நினைக்கிறீர்கள்? விமான இருக்கை மெத்தைக்காக! மோதினால் அடி குறைய வேண்டும், நெடுநேரம் உட்கார்ந்தாலும் உடம்பு நோகக் கூடாது என்று. இருக்கைக்கென்று பிறந்த சரக்கை இன்று பயணி சொந்தக் காசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுகிறார். விமான நிறுவனங்களுக்கு இதைவிட லாபமான ஏற்பாடு இருக்க முடியாது.

மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில் இளகி, தலையின் வடிவத்துக்கு இடம் கொடுக்கும். குளிரில் விறைப்பாக இருக்கும். ஏசி காற்றில் எடுத்து மாட்டியதும் கட்டை மாதிரி தோன்றினால் பயப்பட வேண்டாம், சற்று நேரத்தில் வழிக்கு வரும். வாங்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு பக்கமிருந்து அழுத்தினால் நடுவில் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றனவா என்று பாருங்கள். தொட்டால், ஐந்து கிலோ தலை அதை அப்பளமாக்கிவிடும். சின்னச் சின்ன தெர்மோகோல் மணி அடைத்தவை கைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் பாரம் விழுந்த இடத்திலிருந்து மணிகள் ஒதுங்கிப் போய்விடும். முட்டு வேண்டிய இடத்தில் துணிதான் மிஞ்சும். இலவம் பஞ்சு எனக்குப் பிடித்தது. போடி, வருசநாடு பக்கத்துப் பஞ்சில் அடைத்த தலையணையில் படுத்து வளர்ந்தவர்கள் வேறு எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இழை உள்ளீடற்றது, எடையே தெரியாது, தண்ணீரும் ஏறாது. அந்தக் காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்பு அங்கியில்கூட அதைத்தான் அடைத்தார்கள். ஆனாலும் படுக்கைக்குத்தான் அது ராஜா. கழுத்துக்கு முட்டாக வைத்தால் நாளடைவில் அமுங்கி ஓரமாகத் திரண்டுவிடும்.

காற்றடைக்கிற வகையை மட்டமாகப் பேசுகிறார்கள், நான் பேச மாட்டேன். சட்டைப் பைக்குள் அடங்கும். கைப்பைக்கு ஏழு கிலோதான் என்று தராசில் தூக்கி வைக்கிற இடங்களில் அது பெரிய விஷயம். எவ்வளவு உயரம், எவ்வளவு இறுக்கம் என்பதை நம் மூச்சாலேயே தீர்மானிக்கலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். விமானம் மேலே பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருக்கும் அளவுக்குத்தான் இருக்கும், அதாவது ஏறக்குறைய ஊட்டி அளவு. எட்டாயிரம் அடி அளவென்றால் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். கீழே இறுக்கமாக ஊதி மாட்டிக்கொண்டு ஏறினால் மேலே அது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும், குரல்வளையை நெருக்கும். மேலே போய், சாப்பிட்டு முடித்து, முக்கால்வாசி ஊதினால் போதும். இறங்கும்போது தானாகவே தொளதொளத்துப்போகும். ஓட்டை விழுந்துவிட்டதோ என்று தேட வேண்டாம்.

மெத்தென்று இருந்தால்தான் தூக்கம் வரும் என்பதும் இல்லை. பழைய எகிப்தில் மரத்திலும் கல்லிலும் தந்தத்திலும் தலைதாங்கி செய்து அதில் கழுத்தை வைத்துப் படுத்தார்கள். 1922இல் கண்டுபிடித்த துத்தன்காமுன் கல்லறையில் தந்தத்தில் செதுக்கிய ஒன்று கிடைத்தது. காற்றின் தெய்வமான ஷூ இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். கென்யாவின் துர்க்கானா மக்களிடம் உட்காரும் முக்காலியே தலைதாங்கியாகவும் உதவும். ஜப்பானியப் பெண்கள் கொண்டை கலையாதிருக்கக் கழுத்துக்கு மட்டும் உயரமான கட்டை வைத்துத் தூங்கினார்கள். இவை எதிலும் விரலால் அமுக்கிப் பார்க்க ஒன்றும் இல்லை. தாங்க வேண்டிய இடத்தில் தாங்கின, அவ்வளவுதான்.

இதையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரை தோஹாவிலிருந்து போகும் விமானத்தில் பார்த்தேன். கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்து அம்மா. மகளின் பிரசவத்துக்காக டல்லாஸ் போய்க்கொண்டிருந்தார். விளக்கை அணைத்ததும் பையிலிருந்து நீளமான ஒரு பருத்தித் துண்டை எடுத்தார். முறுக்கவில்லை, அகலவாக்கில் நாலாக மடித்து, பிறகு பாய் சுற்றுவதுபோல் ஒரு ஓரத்திலிருந்து பாதி வரைக்கும் இறுக்கமாகச் சுருட்டினார். சுருட்டின பகுதியை இடது தாடைக்கும் தோளுக்கும் நடுவே வைத்து, மீதித் துண்டைப் பின்கழுத்து வழியாகக் கொண்டுவந்து, வலது பக்கம் இழுத்துச் செருகினார். பின்கழுத்தில் மடித்த துணியின் தடிமன் மட்டும்தான்.

“கழுத்துக்குத் தலையணை வாங்கித் தரலீங்களாம்மா?” என்றேன்.

“பையன் வாங்கித்தான் குடுத்தான் தம்பி. போட்டுப் பார்த்தா தலைய முன்னாடி முன்னாடி தள்ளுது. பெட்டிக்குள்ள வெச்சுட்டேன். நமக்கு எந்தப் பக்கம் தலை போகுதோ அந்தப் பக்கம் தடுப்பு வெச்சாப் போதுமில்ல?”

சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். முன்பு சொன்ன ஆய்விதழை அவர் புரட்டியிருக்க மாட்டார். கோவை பேருந்துகளில் கற்றுக்கொண்ட வித்தை.

கடையில் வாங்குகிறவர்கள் அந்த அம்மா பார்த்ததைப் பார்த்து வாங்கினால் போதும். நின்றபடி கண்ணாடியில் பார்த்து வாங்காதீர்கள். ஒரு நாற்காலி கேளுங்கள். சுவரோடு முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, கழுத்தை விட்டுவிடுங்கள். கடைப் பையன் தண்ணீர் கொண்டுவரலாமா என்று கேட்பான், கேட்கட்டும். பின்பக்கம் தட்டையாக இருக்கிறதா, தலை போகிற பக்கம் தாங்கல் நிற்கிறதா, உறையைக் கழற்றித் துவைக்க முடியுமா என்று பார்த்தால் போதும். கழுத்தெலும்புத் தேய்மானம், கை மரத்துப்போவது என்றெல்லாம் இருப்பவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது. விமான நிலையத்துக் கடையில் வாங்காதீர்கள். அங்கே விலையையும் நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.

முட்டு நன்றாக அமைந்துவிட்டால் அதிலும் ஒரு வம்பு உண்டு. அசையாமல் பத்து மணி நேரம் தூங்கிவிடக் கூடாது. நாலு மணி நேரமும் அதற்கு மேலும் உட்கார்ந்தே பயணம் செய்கிறவர்களுக்குக் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. மொத்தத்தில் அபாயம் குறைவுதான். ஆனால் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு மரம்போல் கிடப்பதற்கு அதில் இடமில்லை. விழிப்பு வரும்போது எழுந்து ஒரு நடை போய் வரலாம், கணுக்காலையாவது சுழற்றலாம். மற்றபடி, தூங்கப்போகும் முன் சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே தெரிகிற மாதிரி மாட்டிக்கொள்ளுங்கள். விமானம் குலுங்கும்போது பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்க வரும் பணிப்பெண், அது கண்ணில் பட்டால் எழுப்பாமல் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்.